அத்தியாயம் 6: ஒரே நிறுவனம், ஐந்து மென்பொருள்கள், ஒரு கை

போட்டோஷாப்பில் செலக்‌ஷனை நீக்க கன்ட்ரோலுடன் டி-யை அழுத்திப் பழகிய கை, இன்டிசைனுக்கு வந்தாலும் அதையே அழுத்தும். அங்கே படத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கான ‘பிளேஸ்’ பெட்டி திறக்கும். எரிச்சல்தான், ஆனால் நஷ்டமில்லை. எஸ்கேப் அடித்தால் தீர்ந்தது. அதே கை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அதே விசைகளை அழுத்தினால், தேர்ந்தெடுத்திருந்த லேயர் சத்தமில்லாமல் இரண்டாகும். ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி நிற்பதால் திரையில் மாற்றம் எதுவும் தெரியாது. வேலை பாதி முடிந்தபின் மேலிருப்பதை நகர்த்தும்போதுதான் அடியில் இன்னொன்று இருப்பது கண்ணில் படும்.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் என்ற ஐந்து மென்பொருள்களையும் செய்வது அடோபி என்ற ஒரே நிறுவனம். பேனல்கள், ஐகான்கள், சாம்பல் நிறம் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்த ஒற்றுமையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நாம் சந்திப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, எங்கும் ஒன்றாக இருப்பவை. இரண்டாவது, வேறாக இருந்தாலும் உடனே தெரிந்துவிடுபவை. மூன்றாவது, வேறாக இருந்தும் தெரியாமல் போய்விடுபவை. முதலாவதைக் கைக்குப் பழக்குங்கள். இரண்டாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் கவனம் முழுவதும் மூன்றாவதுக்குத்தான் தேவை.

ஒரு குறிப்பு. இந்த அத்தியாயத்தில் ‘டி’ என்று வருமிடமெல்லாம் ஆங்கில எழுத்து வரிசையின் நான்காவது எழுத்து. மேக் கணினியில் வேலை செய்பவர்கள் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் என்றும் ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்றும் கொள்க.

ஒற்றுமை எங்கிருந்து வந்தது?

இந்த ஐந்தும் ஒரே மேசையில் பிறந்தவை அல்ல. இல்லஸ்ட்ரேட்டர் மட்டுமே முழுக்க அடோபியின் சொந்தத் தயாரிப்பு. 1984-ல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியின் மேல் கட்டப்பட்டு 1987-ல் வெளியானது. போட்டோஷாப்பை எழுதியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள். 1990-ல் அடோபி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிரீமியர் 1991-ல் வந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில் இருந்த ஒரு சிறிய நிறுவனத்தில் பிறந்தது. அந்த நிறுவனத்தை 1993-ல் ஆல்டஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அடுத்த ஆண்டே ஆல்டஸ் அடோபியோடு சேர்ந்தது. 1999-ல் வந்த இன்டிசைனின் வேரும் ஆல்டஸில்தான் இருக்கிறது. வெவ்வேறு கொத்தனார்கள் கட்டிய வீடுகளை வாங்கி, வெளிச்சுவருக்கு மட்டும் ஒரே வண்ணம் அடித்த தெரு இது. சமையலறை எந்த மூலையில் என்பதை அந்தந்த வீட்டைக் கட்டியவர் முன்பே முடிவு செய்துவிட்டார்.

வண்ணம் அடிக்கும் வேலை 2003-ல் தொடங்கியது. அந்த ஆண்டு தனித்தனி மென்பொருள்களை ‘கிரியேட்டிவ் சூட்’ என்ற ஒரே பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார்கள். 2007-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பேனல்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதும் ஐகானாகச் சுருங்குவதும் ஒரே முறைக்கு வந்தன. 2008-ல் வந்த நான்காம் பதிப்பில் திறந்திருக்கும் ஃபைல்கள் தாவல்களாக வரிசையில் நின்றன. 2012-ல் போட்டோஷாப் அடர் சாம்பல் நிறத்துக்கு மாறியது. 2013-ல் பெட்டி விற்பனையை விட்டுவிட்டுச் சந்தா முறையான ‘கிரியேட்டிவ் கிளவுட்’டுக்குப் போனார்கள். இப்போது பொத்தான் அளவு, ஐகான் கோடு, எழுத்துரு எல்லாவற்றுக்கும் ‘ஸ்பெக்ட்ரம்’ என்ற பொது வடிவமைப்பு விதித்தொகுப்பு நிறுவனத்துக்குள் இருக்கிறது.

பேனல் போன்ற சின்ன விஷயத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. தாவல் வைத்த பேனல்களுக்கு அடோபி காப்புரிமை வைத்திருந்தது. அதை மீறியதாக மேக்ரோமீடியா நிறுவனத்தின் மேல் 2000-ல் வழக்குப் போட்டது. 2002 மே மாதம் டெலவேர் ஜூரி அடோபிக்கு 28 லட்சம் டாலர் தரச் சொன்னது. அதே மாதத்தில் எதிர்வழக்கில் மேக்ரோமீடியாவுக்கு 49 லட்சம் டாலர் தரச் சொல்லித் தீர்ப்பானது. அந்த ஆண்டே இருவரும் சமரசம் செய்துகொண்டார்கள். 2005-ல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு வேண்டியது ஒன்றுதான். தோற்றத்தை ஒன்றாக்க நிறுவனம் உண்மையிலேயே உழைத்திருக்கிறது. அந்த உழைப்பு பேனல், நிறம், ஐகான் வரை முழுதாகப் போயிருக்கிறது. விசைகளிலும் உள்ளே நடக்கும் கணக்கிலும் பாதிதான் போயிருக்கிறது.

நம்பிக் கைவைக்கக் கூடியவை

கீழே உள்ளவற்றைத் தைரியமாகப் பழகிக்கொள்ளலாம்.

• தேர்ந்தெடுக்கும் அல்லது நகர்த்தும் டூலுக்கு ‘வி’ விசை. ஐந்திலும் இதுவே.

• கைக்குறி டூலுக்கு ‘எச்’, பெரிதாக்கிப் பார்க்க ‘இசட்’. ஐந்திலும் இதுவே.

• போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் ஆல்ட்டைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தைச் சுழற்றினால் பக்கம் பெரிதாகும், சிறிதாகும். பிரீமியரின் டைம்லைனிலும் ஆல்ட்டோடு சக்கரம் சுழற்றினால் காலக்கோடு விரியும், சுருங்கும்.

• லேயர் பேனலின் கண் குறியும் பூட்டுக் குறியும் எங்கும் ஒரே பொருள்தான். மேலே இருக்கும் லேயரோ டிராக்கோதான் படத்திலும் மேலே தெரியும்.

• பென் டூலால் வளைகோடு போடும் முறை. போட்டோஷாப்பில் கற்றது இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் அப்படியே பலிக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மாஸ்க் வரையவும் உதவும்.

• விண்டோ மெனுவில் ‘வொர்க்ஸ்பேஸ்’. பேனல்களை உங்களுக்கு வேண்டிய இடத்தில் வைத்து ஒரு பெயரில் சேமித்துக்கொள்ளும் வசதி ஐந்திலும் அதே மெனுவில் இருக்கிறது.

• ‘பிராப்பர்ட்டீஸ்’ பேனல். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குரிய அமைப்புகளை ஒரே இடத்தில் காட்டும். இல்லஸ்ட்ரேட்டருக்கு 2017-லும் இன்டிசைனுக்கு 2018-லும் வந்தது. புதிதாகக் கற்பவர் இதைத் திறந்து வைத்துக்கொண்டால், எந்த மெனுவுக்குள் எது என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.

ஒரே விசை, வேறு வேலை

இனி ஏமாற்றும் பகுதி. இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் ‘தவறாக அழுத்தினால் எனக்குத் தெரியுமா?’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

*கன்ட்ரோல் + டி.* போட்டோஷாப்பில் செலக்‌ஷன் நீங்கும். இல்லஸ்ட்ரேட்டரில் கடைசியாகச் செய்த நகர்த்தலோ சுழற்றலோ மீண்டும் நடக்கும். இன்டிசைனில் பிளேஸ் பெட்டி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் லேயர் நகல். பிரீமியரில் டிரான்சிஷன் சேரும். போட்டோஷாப் தவிர்த்த நான்கிலும் ‘எதுவும் தேர்வில் வேண்டாம்’ என்பதற்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். தனி வழி போனது போட்டோஷாப்தான்.

*கன்ட்ரோல் + கே.* போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் பிரிஃபரன்ஸ் பெட்டி. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் காம்போசிஷன் அமைப்புகள். பிரீமியரில், பிளேஹெட் நிற்குமிடத்தில் கிளிப் வெட்டுப்படும். முதல் நான்கிலும் பெட்டி திறந்து எச்சரிக்கும். பிரீமியரில் அந்த எச்சரிக்கை கிடையாது.

*கன்ட்ரோல் + ஜே.* போட்டோஷாப்பில் லேயர் நகல். இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டு கோட்டு முனைகள் இணையும். இன்டிசைனில் ‘எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும்?’ என்று கேட்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முன்னோட்டம் முழுத் தெளிவுக்கு மாறும்.

*கன்ட்ரோல் + எம்.* போட்டோஷாப்பில் கர்வ்ஸ். பிரீமியரில் எக்ஸ்போர்ட். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரெண்டர் வரிசையில் சேரும்.

*‘சி’ மட்டும்.* போட்டோஷாப்பில் கிராப். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கத்தரிக்கோல். பிரீமியரில் கிளிப்பை வெட்டும் ரேசர்.

*‘ஏ’ மட்டும்.* இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் ஒரு புள்ளியை மட்டும் பிடிக்கும் வெள்ளை அம்பு. பிரீமியரில், கிளிக் செய்த இடத்திலிருந்து வலப்புறம் உள்ள எல்லாக் கிளிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் டூல். இந்தப் பட்டியலில் மிகவும் ஆபத்தானது இதுதான். திரைக்கு வெளியே இருபது நிமிட எடிட்டிங் இருந்தாலும் அத்தனையும் சேர்ந்து நகரும்.

*டேப்.* முதல் மூன்றில் பேனல்கள் மறையும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் காம்போசிஷன்களின் சிறு வரைபடம் திறக்கும். அங்கும் பிரீமியரிலும் ஒரு பேனலை முழுத்திரையாக்க, எண் 1-க்கு இடப்பக்கத்தில் இருக்கும் விசையைத் தட்ட வேண்டும்.

*ஸ்பேஸ்.* முதல் மூன்றில் அழுத்திப் பிடித்தால் கைக்குறி. பிரீமியரில் தட்டினால் வீடியோ ஓடும், நிற்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் தட்டினால் ஓட்டம், பிடித்தால் கைக்குறி என இரண்டும் உண்டு.

ஒற்றை எழுத்து ஷார்ட்கட் எதுவுமே வேலை செய்யவில்லை என்றால் மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் இரண்டைப் பாருங்கள்: கீபோர்டு தமிழில் இருக்கிறதா, கர்சர் எழுத்துப் பெட்டிக்குள் இருக்கிறதா.

ஏன் ஒன்றாக்கவில்லை?

இதை வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. மூன்று காரணங்கள் இருக்கின்றன. காரணம் புரிந்தால் விசை தானாக நினைவில் நிற்கும்.

முதல் காரணம், தொழில். அனிமேஷன் செய்பவர் ஒரு நாளில் எத்தனையோ முறை லேயரின் இடம், அளவு, சுழற்சி ஆகியவற்றைத் திறந்து பார்ப்பார். அதனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் என்பவற்றின் முதலெழுத்துகளை அவற்றுக்கே கொடுத்துவிட்டது. பென் டூல் அங்கே ‘ஜி’க்குப் போக வேண்டியதாயிற்று. பிரீமியரில் ஸ்பேஸ் விசைக்கு ஓட்டு, நிறுத்து என்ற வேலையைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் எந்த எடிட்டரும் ஏற்கமாட்டார். ஜே, கே, எல் மூன்று விசைகளால் பின்னோக்கி, நிறுத்தம், முன்னோக்கி என ஓட்டுவதும் எடிட்டிங் தொழிலின் பொதுப் பழக்கம். எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதல்ல.

இரண்டாவது காரணம், போட்டி. இன்டிசைன் வந்தபோது பத்திரிகை அலுவலகங்களில் குவார்க் எக்ஸ்பிரஸ்தான் ஆட்சி செய்தது. அங்கிருந்து ஆட்களை இழுக்க, குவார்க் விசைகளைத் தனித் தொகுப்பாகவே இன்டிசைனுக்குள் வைத்தார்கள். பிரீமியரில் அவிட், ஃபைனல் கட் புரோ 7 ஆகியவற்றின் விசைத் தொகுப்புகள் இருக்கின்றன. பக்கத்து அறையில் இருக்கும் சொந்தத் தயாரிப்போடு ஒத்துப்போவதைவிட எதிர்க்கடை வாடிக்கையாளரின் கைப்பழக்கத்தோடு ஒத்துப்போவது வியாபாரத்துக்கு முக்கியமாகப் பட்டது.

மூன்றாவது காரணம், பழைய வாடிக்கையாளர். இருபது வருடம் ஒரு விசையை அழுத்தியவருக்கு அதை மாற்றுவது முன்னேற்றமாகத் தெரியாது. இதற்கு நல்ல சான்று 2018 அக்டோபரில் கிடைத்தது.

ஒரே பதிப்பில் ஒரு சேர்க்கை, ஒரு பிரிவு

அதுவரை போட்டோஷாப்பில் கன்ட்ரோல் + இசட் ஒரே ஒரு படி பின்னால் போகும். மறுபடி அழுத்தினால் முன்னால் வந்துவிடும். பல படி பின்னால் போக ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் எல்லாவற்றிலும் கன்ட்ரோல் + இசட் அழுத்த அழுத்தப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் தனி வழி போன போட்டோஷாப் 2018 அக்டோபரில்தான் மற்றவற்றோடு சேர்ந்தது.

அதே பதிப்பில் இன்னொன்றும் நடந்தது. படத்தை விகிதம் மாறாமல் பெரிதாக்க ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும் என்பது அதுவரை எல்லா இடத்திலும் பொது விதி. போட்டோஷாப் அதைத் தலைகீழாக்கியது. இனி சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது. ஷிஃப்டைப் பிடித்தால்தான் மாறும். பெரும்பாலானவர்கள் விகிதம் மாறாமல்தான் பெரிதாக்குகிறார்கள் என்பதால் தனியாகப் பார்த்தால் இது நியாயமான முடிவு. ஆனால் இல்லஸ்ட்ரேட்டரும் இன்டிசைனும் பழைய விதியிலேயே நின்றன. ஒரே நாளில், ஒரே மென்பொருளில், ஒரு பழக்கம் குடும்பத்தோடு சேர்ந்தது, இன்னொன்று பிரிந்தது.

எதிர்ப்பும் எழுந்தது. இரண்டுக்குமே பழைய முறைக்குத் திரும்ப வழி இருக்கிறது. என் பரிந்துரை இது: அச்சு வேலைக்காக மூன்று மென்பொருளையும் பயன்படுத்துபவர்கள் பின்வாங்கலைப் புதிய முறையிலேயே விடுங்கள், டிரான்ஸ்ஃபார்மைப் பழைய முறைக்கு மாற்றுங்கள். எடிட் மெனு, பிரிஃபரன்ஸ், ஜெனரல் என்று போய் ‘யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். அப்போது இரண்டு பழக்கமும் மூன்றிலும் ஒன்றாகிவிடும். போட்டோஷாப்பை மட்டுமே பயன்படுத்துபவருக்கு இந்த மாற்றம் தேவையில்லை.

இன்டிசைனில் இன்னொரு படியும் உண்டு. அங்கே படம் ஒரு சட்டத்துக்குள் இருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சட்டம்தான் பெரிதாகும். உள்ளே இருக்கும் படம் அப்படியே நிற்கும். இரண்டும் சேர்ந்து விகிதம் மாறாமல் வளர கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்து இழுக்க வேண்டும்.

பெயர் ஒன்று, விளைவு வேறு

விசைத் தவறை ஒரு கன்ட்ரோல் + இசட் சரிசெய்துவிடும். அச்சகத்திலிருந்து வந்த ஐயாயிரம் பிரதியை எந்த விசையாலும் திருப்ப முடியாது. அதனால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

*கறுப்பு.* இன்டிசைனின் கறுப்பும் இல்லஸ்ட்ரேட்டரின் சிஎம்ஒய்கே ஃபைலில் தானாக வரும் கறுப்பும் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். போட்டோஷாப்பில் சிஎம்ஒய்கே ஃபைலில் இயல்பாகக் கிடைக்கும் கறுப்பு நான்கு மையும் கலந்தது. அமெரிக்க ‘ஸ்வாப்’ புரொஃபைலில் அது சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. திரையில் இரண்டும் கறுப்புத்தான். பொடி எழுத்தை நான்கு மையில் அச்சடித்தால், தகடு இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ணம் தெரியும். எனவே வாசகங்களைப் போட்டோஷாப்பில் வைக்காதீர்கள், இன்டிசைனில் வையுங்கள்.

*பிளெண்டிங் மோட்.* மல்டிப்ளை, ஸ்கிரீன், ஓவர்லே என்று மெனு ஒன்றுபோலத் தெரியும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் இருப்பவை 16. இந்தப் பதினாறும் பிடிஎஃப் வடிவத்தில் வரையறுக்கப்பட்டவை. போட்டோஷாப்பின் லேயருக்கு 27 உண்டு. மேலும் ஒன்று: போட்டோஷாப் ஃபைலுக்குள் ஒரு லேயருக்கு மல்டிப்ளை வைத்து, அந்த ஃபைலை இன்டிசைன் பக்கத்தில் வைத்தால், அந்த மல்டிப்ளை பக்கத்தின் பின்னணியோடு கலக்காது. நிழல் பின்னணியோடு கலக்க வேண்டுமென்றால் இன்டிசைனிலேயே ‘எஃபெக்ட்ஸ்’ பேனலில் மல்டிப்ளை வைக்க வேண்டும்.

*வண்ண அமைப்பு.* ஒரே படம் மூன்று மென்பொருளில் மூன்று விதமாகத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அடோபி பிரிட்ஜைத் திறந்து, எடிட் மெனுவில் ‘கலர் செட்டிங்ஸ்’ போய், ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘அப்ளை’ கொடுத்தால் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றுக்கும் அது பொருந்தும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் அச்சகத்திடம் கேளுங்கள். இந்த ஏற்பாடு ஆஃப்டர் எஃபெக்ட்ஸையும் பிரீமியரையும் தொடாது; அவற்றின் வண்ண அமைப்பைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

*அளவுகோலின் தொடக்கம்.* போஸ்ட்ஸ்கிரிப்ட் வழக்கப்படி இல்லஸ்ட்ரேட்டரில் பூச்சியம் இடக் கீழ் மூலையில் இருந்தது. 2010-ல் வந்த கிரியேட்டிவ் சூட் ஐந்தாம் பதிப்பில்தான் அது இட மேல் மூலைக்கு ஏறி மற்றவற்றோடு ஒத்துப்போனது. அதற்கு முந்தைய கையேடுகளைப் பார்த்து எண்களைப் போட்டால் பொருள் தலைகீழான இடத்தில் போய் நிற்கும்.

தமிழ் எழுத்துக்கான அமைப்பு

யூனிகோட் ஃபான்டில் தட்டச்சு செய்த ‘கெ’, ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பு இடம்மாறி நின்றால் ஃபான்டைத் திட்ட வேண்டாம். ஆங்கிலத்துக்கான வரி அமைப்பி (கம்போசர்) இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மாற்ற வேண்டியது ஒன்றுதான். ஆனால் அது மூன்று மென்பொருளில் மூன்று இடத்தில், வெவ்வேறு பெயரில் இருக்கிறது.

இன்டிசைன்: பாராகிராஃப் பேனலின் மூலையிலுள்ள மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. எந்த ஃபைலும் திறக்காத நிலையில் இதைத் தேர்ந்தெடுத்தால், இனி தொடங்கும் எல்லா ஃபைலுக்கும் அதுவே இயல்பாகும்.

இல்லஸ்ட்ரேட்டர்: பிரிஃபரன்ஸில் ‘டைப்’ பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று தொடங்கும் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

போட்டோஷாப்: பழைய பதிப்புகளில் பிரிஃபரன்ஸின் ‘டைப்’ பகுதியில் எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். புதிய பதிப்புகளில் எல்லா மொழிக்கும் ஒரே இயந்திரம் வந்துவிட்டது.

அலுவலகத்துக்கு ஓர் ஒழுங்கு

ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவரும் தன் விருப்பப்படி விசைகளை மாற்றினால், ஒருவர் இருக்கையில் இன்னொருவர் உட்கார முடியாது. கீழே உள்ள படிகளை ஒரு மாலையில் செய்துவிடலாம்.

1. ஒவ்வொருவரும் தினமும் பயன்படுத்தும் கட்டளைகளை எழுதச் சொல்லுங்கள். இருபதைத் தாண்டுவது அரிது.

2. இப்போதைய விசைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எடிட் மெனுவில் ‘கீபோர்டு ஷார்ட்கட்ஸ்’ பெட்டியைத் திறங்கள். பட்டியலைத் தரும் பொத்தானுக்குப் போட்டோஷாப்பில் ‘சம்மரைஸ்’ என்றும் இல்லஸ்ட்ரேட்டரில் ‘எக்ஸ்போர்ட் டெக்ஸ்ட்’ என்றும் இன்டிசைனில் ‘ஷோ செட்’ என்றும் பெயர். இந்த அத்தியாயம் முழுவதும் சொல்லிவந்த சிக்கல் இந்த ஒரே பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

3. இருபது கட்டளைகளையும் பட்டியலோடு ஒப்பிட்டு, தவறாக அழுத்தினால் சத்தமில்லாமல் கெடுப்பவற்றை மட்டும் வட்டமிடுங்கள்.

4. வட்டமிட்டவற்றில் முடிந்தவரை எதையும் மாற்றாமல், மானிட்டருக்குக் கீழே ஒட்டிவைத்துப் பழகப் பாருங்கள். அப்படியும் தவறு தொடர்ந்தால் மட்டும் விசையை மாற்றுங்கள். ஐந்துக்கு மேல் மாற்ற வேண்டாம்.

5. மாற்றியதை அலுவலகத்தின் பெயரில் தனித் தொகுப்பாகச் சேமியுங்கள். இன்டிசைனில் இயல்புத் தொகுப்பை மாற்ற முடியாது. முதலில் ‘நியூ செட்’ உருவாக்க வேண்டும். எல்லாக் கணினியிலும் அதே தொகுப்பு இருக்கட்டும்.

6. அளவு அலகு, டிரான்ஸ்ஃபார்ம் முறை, வண்ண அமைப்பு, தமிழ் கம்போசர் நான்கையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக வைத்து, தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

7. மென்பொருளின் புதிய பெரிய பதிப்பு வந்தால், நடப்பு வேலை முடியும்வரை பழையதை நீக்காதீர்கள். முதலில் ஒரு கணினியில் மட்டும் ஏற்றி, ஆறாவது படியின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018-ல் போல இயல்பு அமைப்பு மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பயிற்சி வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து மென்பொருளையும் அடுத்தடுத்துச் சொல்லிக்கொடுக்கும்போது, இரண்டாவது மென்பொருளின் முதல் வகுப்பை முதலாவதோடு மாறுபடும் இடங்களிலிருந்தே தொடங்குங்கள். ஒற்றுமையை மாணவர் தாமே கண்டுபிடிப்பார். வேறுபாட்டை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

வேறு நிறுவனங்களில்

முழு ஒற்றுமை முடியாத காரியமா? பிரிட்டனின் செரிஃப் நிறுவனம் 2014 முதல் டிசைனர், போட்டோ, பப்ளிஷர் என்று அஃபினிட்டி மென்பொருள்களை வரிசையாக வெளியிட்டது. மூன்றுக்கும் ஒரே ஃபைல் வடிவம். பப்ளிஷருக்குள்ளிருந்தே மற்ற இரண்டின் டூல்களையும் எடுக்க முடிந்தது. 2024-ல் கேன்வா அந்த நிறுவனத்தை வாங்கியது. 2025 அக்டோபரில் மூன்றும் ஒரே செயலியாக, இலவசமாக வந்தன. ஒரே அடித்தளத்தில் புதிதாகக் கட்டினால் இது முடிகிறது.

பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கிய சொத்துகளையே ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது. டாவின்சி ரிசால்வுக்குள் வண்ணத்துக்கு ஒரு பக்கம், கிராஃபிக்ஸுக்கு ஃபியூஷன், ஒலிக்கு ஃபேர்லைட். மென்பொருள் ஒன்றுதான், ஆனால் எடிட் பக்கத்திலிருந்து ஃபியூஷன் பக்கத்துக்குப் போனால் டிராக்குகள் மறைந்து முனைகளைக் கோடுகளால் இணைக்கும் வேறு உலகம் வந்துவிடும். ஒரே செயலி என்பதால் மட்டும் ஒரே பழக்கம் வந்துவிடாது. மென்பொருள் வாங்கும்போது, திரை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் வேலை ஒன்றை முதல் படியிலிருந்து கடைசி ஏற்றுமதி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முடிவாக, தோற்றத்தின் ஒற்றுமை புதியவரை உள்ளே அழைத்துவர உதவும். அங்கே தொழில் செய்ய அது போதாது. ஐந்தும் ஒருநாள் முழுதாக ஒன்றாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். எடிட்டரின் ஸ்பேஸ் விசையும் வடிவமைப்பாளரின் ஸ்பேஸ் விசையும் வேறாக இருப்பதுதான் சரி. ஆனால் ஷிஃப்ட் விசைக்கு இரண்டு பொருள் இருக்க எந்தத் தொழிலிலும் காரணம் இல்லை. அதை நிறுவனம் திருத்தும்வரை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் மேலே சொன்ன ஆறாவது படியை இன்றே முடித்துவிடுங்கள்.